சூட்டின் மாத்திரை

நிழல், நிறம், சாயம் என்னும் மூன்று சொற்களை நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். நிழலுக்கு ‘ழில்லு’, நிறத்துக்கு ‘லவ்னு’, சாயத்துக்கு ‘ஸிப்ஙு’ என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன்; பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள். சொற்கள் எனக்குத் தெரிந்திருந்தன. அம்மூன்றும் ஒரு தாளின்மேல் எப்படி ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன என்பதை மட்டும் என் ஐம்பத்தாறாம் வயதில், எங்கள் ஊர்க் கடைத்தெருவிலுள்ள சிறிய ஸ்டூடியோ ஒன்றில்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பாடத்துக்குக் காரணமாக இருந்தது என் உம்மாவின் படம்.

உம்மா தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் படக்கருவியின் முன் அமர்ந்தார்கள். 1986ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன், பாஸ்போர்ட்டுக்காக. அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கி வாப்பா ஒரு பிரதி வாங்கி வைத்திருந்தார்கள். நெகட்டிவ் எங்கே போயிற்றோ தெரியாது. 2009இல் உம்மா மறைந்த பிறகு அந்த ஒரு தாளே எங்களுக்கு மிஞ்சியது. வெள்ளைத் துப்பட்டி தலையைச் சுற்றி மடிந்து தோளில் விழுகிறது. அதன் நடுவே உம்மாவின் முகம். கறுப்புமன்று, சிவப்புமன்று, நம் பெரியவர்கள் மாநிறம் என்று சொல்வார்களே, அந்த நிறம். இடக் கன்னத்தில் சிறு வயதில் வந்த அம்மையின் தழும்பு ஒன்று, உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்கு.

காலம் அத்தாளையும் விட்டுவைக்கவில்லை. ஓரம் பழுத்து, முகம் மங்கத் தொடங்கியது. சுவரில் மாட்டுவதற்கன்று, பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வதற்காக ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்று லாத்தாவும் மலேசியாவிலிருக்கும் தங்கையும் கேட்டார்கள். படத்தை உறையிலிட்டு ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்றேன். கால் மணி நேரத்தில் மூன்று பிரதிகள் கையில் வந்தன. பளபளப்புக்குக் குறைவில்லை.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் மனம் துணுக்குற்றது. நெற்றியிலிருந்து கன்னத்துக்கு மெல்ல இறங்க வேண்டிய நிழல், குளத்துப் படிக்கட்டைப் போல வரி வரியாக இறங்கியது. துப்பட்டியின் மடிப்புகள் காணாமல் போய், முகத்தைச் சுற்றி வெள்ளை அட்டையை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. முகத்தின் இருண்ட பக்கத்தில் இலேசான பச்சைப் பூச்சு. தழும்பு இல்லவே இல்லை. லாத்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, “உம்மா மாதிரி இருக்கு தம்பி. உம்மா இல்லை” என்று கூறிப் படத்தைத் திருப்பித் தந்தார்கள்.

ஸ்டூடியோவை நடத்துபவர் ஒரு காலத்தில் என்னிடம் ஓதியவர். இடையில் மதரஸாவை விட்டு நின்று, பின்னர் மின்னணுவியலில் டிப்ளமோ முடித்துக் கடை வைத்தவர். நான் படத்தை நீட்டியதும் அவர் சாக்குச் சொல்லவில்லை. “நாளை அஸருக்குப் பிறகு வாருங்கள் ஹஜ்ரத். கடையில் கூட்டம் இருக்காது. இந்த மெஷின் என்ன செய்கிறது என்று காட்டுகிறேன்” என்றார். மறுநாள் ஆசிரியர் முக்காலியில் அமர, மாணவர் பாடம் நடத்தினார்.

அந்த இயந்திரத்தில் மையே இல்லை என்பது எனக்கு முதல் வியப்பு. காகிதத்தைவிடப் பன்மடங்கு மெல்லிய ரிப்பன் ஒன்று அதற்குள் சுருண்டிருக்கிறது. அதில் மஞ்சள், மெஜந்தா எனப்படும் கருஞ்சிவப்பு, சயான் எனப்படும் பசுநீலம் என்று ஒவ்வொரு படத்துக்கும் மூன்று சாயப் பட்டைகள். நான்காவதாக, படத்தின்மேல் காப்புறையாகப் படியும் நிறமற்ற பட்டை. ரிப்பனுக்கு எதிரே அகலவாட்டில் ஒரு வெப்பத் தலை. அதில் அங்குலத்துக்கு 300 வீதம், ஆறு அங்குலத்துக்கு 1,800 நுண்ணிய சூட்டுப் புள்ளிகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. புள்ளி சூடாகும்போது அதன் எதிரேயுள்ள சாயம் இளகி, தாளின்மேல் பூசியிருக்கும் மெல்லிய படலத்துக்குள் ஊறுகிறது. சாயம் ஆவியாகிப் பதிகிறது என்பதே கடைத்தெருப் பேச்சு. உண்மையில் அது பெரும்பாலும் ஒரு படலத்திலிருந்து மறு படலத்துக்குள் ஊறிச் செல்வதுதான் என்றார் அவர். தாள் வரி வரியாக நகர்கிறது. ஒரு நிறம் முடிந்ததும் பின்னோக்கி வந்து அடுத்த நிறத்துக்கு நிற்கிறது. நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றில் 21,60,000 புள்ளிகள். நிறம் மூன்றென்றால் 64,80,000 முறை சூடு அளந்து கொடுக்கப்படுகிறது.

இதன் பெருமை முழுதும் அந்த அளத்தலில்தான் இருக்கிறது. செய்தித்தாளில் வரும் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மை இருக்கும் புள்ளி, இல்லாத இடம் என்னும் இரண்டே நிலைகள். சாம்பல் நிறம் என்பது அங்கே கண்ணுக்குக் காட்டும் ஓர் ஏமாற்று. பதினாறு புள்ளிகள் கொண்ட சதுரத்தில் எத்தனை புள்ளிகள் கறுத்திருக்கின்றன என்பதைப் பொறுத்து 17 படிகள் கிடைக்கும். ஆனால் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நுட்பம் 75 சதுரமாகக் குறைந்துபோகும். சாய இயந்திரத்திலோ ஒரே புள்ளி, வாங்கிய சூட்டுக்கேற்பச் சிறிது நிறம் பெறும், நிறையவும் பெறும். படியைக் கூட்டுவதற்கு அது புள்ளியைக் காவு கொடுக்க வேண்டியதில்லை. 1981இல் சோனி நிறுவனம் படத்தை ஃபிலிமில் அல்லாது காந்தத் தட்டில் பதியும் மாவிகா என்னும் கருவியை அறிமுகப்படுத்தியபோது, திரையில் மட்டுமே தெரிந்த படத்தைத் தாளில் இறக்க ஒரு வழி தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் காட்டிய மாவிகிராஃப் என்னும் அச்சுக் கருவி இம்முறையையே கைக்கொண்டது. இன்று கல்யாண மண்டபத்து வாசலிலேயே படம் எடுத்து உடனே கையில் கொடுப்பவர்களும் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

“ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி உண்டு ஹஜ்ரத். மூன்றையும் பெருக்கினால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல்.”

“அப்படியானால் என் உம்மாவின் கன்னத்துக்குப் பத்துப் படிகூடக் கிடைக்காமல் போனது ஏன்?”

அவர் பதில் சொல்லாமல், வெண்மையில் தொடங்கிக் கருமையில் முடியும் ஒரு நீண்ட பட்டையை 256 கட்டங்களாக அச்சிட்டுக் கையில் தந்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னார். தொடக்கத்தில் பல கட்டங்கள் வெறும் தாளாகவே இருந்தன. நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டமும் முந்தியதிலிருந்து தாவிக் கறுத்தது. முடிவில் மீண்டும் பல கட்டங்கள் ஒரே கருமையாய்க் கலந்துவிட்டன. எண்ணிக்கையில் 256, கண்ணுக்குத் தெரிந்தவை அதில் பாதிகூட இல்லை.

காரணத்தை அவர் படம் போட்டு விளக்கினார். சூட்டுப் புள்ளிக்கு மின்சாரம் துடிப்புத் துடிப்பாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், அதை 256ஆகக் கூறிட்ட துடிப்பு ஒன்று விநாடியில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு நேரமே நிற்கும். முதல் துடிப்புகளெல்லாம் புள்ளியையும் ரிப்பனையும் சூடேற்றுவதிலேயே செலவாகின்றன, சாயம் அசைவதில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் சாயம் விரைந்து இறங்குகிறது. அங்கே ஒரு துடிப்புக் கூடினாலும் நிறம் எகிறிவிடும். கடைசியில் தாள் நிறைந்துபோய், எவ்வளவு சூடு கொடுத்தாலும் ஏற்பதில்லை. துப்பட்டியின் மெல்லிய மடிப்புகள் அந்தத் தூங்கும் தொடக்கத்தில் அகப்பட்டு மறைந்தன. மாநிறக் கன்னமோ, தாவுகின்ற நடுப்பகுதியில் அகப்பட்டுப் படிக்கட்டாயிற்று.

“அப்படியானால் சூட்டைக் கூட்டினால்?” என்றேன்.

“கருமைதான் கூடும் ஹஜ்ரத். படி கூடாது. படி கூட வேண்டுமானால் துடிப்பைச் சிறிதாக்க வேண்டும்.”

அந்தச் சொல் எனக்கு உடனே விளங்கியது. ஏனெனில் அது என் தொழில். எழுத்தொலிக்கு நேரம் அளந்த நம் இலக்கணத்தார் கண்ணிமைப் பொழுதை, கைநொடிப் பொழுதை ஒரு மாத்திரை என்றார்கள். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. மெய்க்கும் குற்றியலுகரத்துக்கும் அரை என்றார்கள். மகரக் குறுக்கத்துக்கும் ஆய்தக் குறுக்கத்துக்கும் கால் என்றார்கள். ஒன்றுக்குக் கீழே அளவில்லை என்று இருந்திருந்தால் குற்றியலுகரம் முழு உகரமாகிச் செவியில் உறுத்தியிருக்கும். அரபி ஓதலில் ‘மத்து’ என்னும் நீட்டத்தை இரண்டு, நான்கு, ஆறு என்று விரல் மடக்கிக் கற்பிக்கும்போதும் அதைத்தான் செய்கிறோம். ஓசையின் அழகு உரக்க ஓதுவதில் இல்லை, சிற்றளவைத் தவறவிடாமையில் இருக்கிறது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! சூட்டுக்கும் அதே சட்டம் என்பதைத்தான் நான் அறிந்திருக்கவில்லை.

இயந்திரத்தை வகுத்தவர்கள் இந்தச் சட்டத்தைக் கண்டு செய்த திருத்தம் இதுவாம். வரி ஒன்றின் நேரத்தை 256ஆக அன்றி 1,024ஆகவோ அதற்கும் மேலாகவோ நுணுக்கிக் கூறிடுகிறார்கள். அந்த நுண்படிகளை அச்சிட்டு, நிறத்தின் அடர்வைக் கருவியால் அளந்து, கண்ணுக்குச் சம இடைவெளியாகத் தெரியும் 256ஐ மட்டும் பொறுக்கி ஓர் அட்டவணையாக்குகிறார்கள். தொடக்கத்தில் ஒரேயடியாகப் பல துடிப்புகள் தாண்டப்படும். நடுவிலோ ஒவ்வொரு சிறு துடிப்பும் எண்ணி வைக்கப்படும். அதன் பிறகும் இரண்டு படிகளுக்கிடையே இடைவெளி மிஞ்சினால், பக்கத்துப் புள்ளிகளுக்கு இந்தப் படியையும் அந்தப் படியையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதுண்டு. எட்ட நின்று பார்க்கும் கண் அவற்றை இடைப்பட்ட ஒரு நிறமாக ஏற்றுக்கொள்ளும்.

அட்டவணை ரிப்பனுக்கு ரிப்பன், தாளுக்குத் தாள் வேறுபடும். இங்கேதான் எங்கள் பிழைகளில் ஒன்று அகப்பட்டது. கடையில் புதிதாக வாங்கியிருந்த ரிப்பன் வேறு வகை. இயந்திரம் கணக்குப் பார்த்ததோ பழைய அட்டவணையை வைத்து. கறுப்பு வெள்ளைப் படமானதால் குற்றம் இரட்டித்தது. இந்த ரிப்பனில் கறுப்பு என்று தனிப் பட்டை இல்லை. மூன்று சாயமும் சரி அளவில் சேர்ந்தால்தான் சாம்பல் நிறம். ஒன்று சற்று முந்தினாலும் பச்சையோ சிவப்போ தலைகாட்டும். வண்ணப் படத்தில் ஒளிந்துகொள்ளும் இக்குற்றத்தை உம்மாவின் எளிய படம் ஒளிக்க விடவில்லை.

மற்றொரு பிழையை அவரே ஒப்புக்கொண்டார். பழைய படம் மங்கியிருந்ததால் அதன் நிறங்களெல்லாம் ஒரு சிறிய எல்லைக்குள் ஒடுங்கியிருந்தன. அவசரத்தில் 256 படி அளவிலேயே ஸ்கேன் செய்து, வெளுப்பும் கறுப்பும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று அதை இழுத்து நீட்டியிருக்கிறார். “ஐம்பது படியை நீட்டினால் இருநூறு படி ஆகிவிடுமா ஹஜ்ரத்? ஐம்பதுதான். இடைவெளிதான் நாலு மடங்காகும்” என்றார். இம்முறை 65,536 படிகள் காணும் அளவில் ஸ்கேன் செய்து, திருத்தத்தையெல்லாம் அங்கேயே முடித்துவிட்டுத்தான் 256க்கு இறக்கினார்.

கன்னத்தில் தெரியும் இத்துணைச் சிறு தாவலைக் கண் ஏன் இவ்வளவு கடுமையாகப் பிடித்துக்கொள்கிறது என்றும் எண்ணிப் பார்த்தேன். பஸராவில் பிறந்து, 1040ஆம் ஆண்டையொட்டிக் கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில், ஒரே நிறப் புள்ளி வெள்ளைப் பரப்பில் இருண்டும் கறுத்த பரப்பில் வெளுத்தும் தோன்றுவதை ஆராய்ந்திருக்கிறார். கண் ஒரு நிறத்தைத் தனியே பார்ப்பதில்லை; பக்கத்தோடு ஒப்பிட்டே பார்க்கிறது. பிற்காலத்தில், 1865இல், ஏர்ன்ஸ்ட் மாக் என்னும் அறிஞர் இரண்டு நிறப் பரப்புகள் சந்திக்கும் விளிம்பைக் கண் தானாகவே மிகைப்படுத்திக் கோடிட்டுக் காட்டுகிறது என்று விளக்கினார். ஆடையின் பூவேலையில் பத்துப் படி தவறினாலும் யாரும் காண்பதில்லை. வானத்திலும் தாயின் கன்னத்திலும் ஒரு படி தவறினாலும் கோடு விழுந்துவிடும்.

எல்லாம் சரிசெய்து அச்சிடப் போகும்போது அவர் இன்னும் ஒன்று சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

“முன் வரி கறுப்பாக இருந்தால் அந்தப் புள்ளியில் சூடு தங்கிவிடும் ஹஜ்ரத். அடுத்த வரி வெளுப்பாக வர வேண்டியது. ஆனால் பழைய சூட்டில் அதன்மேலும் சாயம் இறங்கிவிடும். அந்த வரி ஒரு தப்பும் செய்திருக்காது. அதனால் முன் வரிகளுக்கு எவ்வளவு சூடு கொடுத்தோம் என்று மெஷின் நினைவு வைத்துக் கழித்துக்கொள்ள வேண்டும். தலை ரொம்பச் சூடாகிவிட்டால் சற்று நிறுத்தியும் வைக்க வேண்டும்.”

எனக்குப் பேச்சு எழவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய ஒரு காலைநேரம் கண்முன் வந்து நின்றது. வரிசையில் ஒரு மாணவன் எதிர்த்துப் பேசிவிட்டான். அவனை அனுப்பிவிட்டேன், கோபம் போகவில்லை. அடுத்து அமர்ந்திருந்த சிறுவன் ஓர் எழுத்தில் தடுமாறினான். பிரம்பு அவன்மேல் இறங்கியது. அந்தச் சிறுவன்தான் இப்போது என் எதிரே ரிப்பனைப் பொருத்திக்கொண்டிருந்தவர். சில நாட்களில் அவர் மதரஸாவை விட்டு நின்றபோது, வீட்டு வறுமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வந்து போன அன்று மாலை உம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: “உனக்குக் கோவம் அவன் மேலேயா, அவனுக்கு முன்னாலே இருந்தவன் மேலேயா?” அன்று நான் பதில் சொல்லவில்லை.

“அந்தக் காலை உனக்கு நினைவிருக்கிறதா தம்பி?” என்றேன். எந்தக் காலை என்று அவர் கேட்கவில்லை. “என்னை மாப்புச் செய்துவிடு” என்றேன்.

“நான் அன்றைக்கே மாப்புச் செய்துவிட்டேன் ஹஜ்ரத்” என்றவர், ரிப்பனின் மூடியை அழுத்தி மூடிவிட்டு, “அன்றைக்கே இல்லை, பிறகு” என்றார்.

இயந்திரம் ஓடியது. தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வந்தது. மஞ்சளில் உம்மாவின் முகம் அரைகுறையாகத் தெரிந்தது; கருஞ்சிவப்பில் உயிர் பெற்றது; பசுநீலம் படிந்ததும் மற்ற நிறங்களெல்லாம் அடங்கி, 1986ஆம் ஆண்டின் அமைதியான சாம்பல் நிறம் வந்து நின்றது. துப்பட்டியின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கன்னத்தில் நிழல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

புறப்படும்போது அவர் பயன்படுத்திய ரிப்பனை வெட்டிச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். விரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டையிலும் உம்மாவின் முகம் தலைகீழ் வண்ணத்தில் பதிந்திருந்தது; தாளுக்குச் சாயம் போன இடமெல்லாம் ரிப்பன் வெளுத்திருந்தது. “அடித்த படம் எல்லாமே இதில் தெரியும் ஹஜ்ரத். பெண்கள் படமென்றால் நான் குப்பையில் போடுவதில்லை. நறுக்கி அழித்துவிடுவேன். இது உம்மாவுடையது, நீங்களே கொண்டுபோங்கள்” என்றார். வாழ்நாளெல்லாம் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே நடந்த ஒரு பெண்மணிக்கு, அவர்கள் முகமறியாத ஓர் இளைஞர் செய்த மரியாதை அது. அவர் மதரஸாவில் கற்றது குறைவென்று இனி நான் சொல்ல மாட்டேன்.

லாத்தா படத்தை வாங்கிச் சன்னலோரம் சென்று பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் விரல் மட்டும் இடக் கன்னத்தில் தழும்பின்மேல் போய் நின்றது.

நான் இன்றும் பாடம் நடத்துகிறேன். பிரம்பைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. ஆனால் சூடு நாவிலும் இருக்கிறது, கண்ணிலும் இருக்கிறது. ஆகவே, ஒரு மாணவன் ஓதி முடித்து அடுத்தவன் வாய் திறக்கும் முன், ஒரு மாத்திரை நேரமாவது பேசாமல் இருந்து கொள்கிறேன். பிள்ளைகள் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை. ஓர் இமைப்பொழுதுதானே!